கடிதம் போதாது

ஆஸ்திரேலியாவின் ரிவரைனா பகுதியில் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் பொறியாளராகச் சேர்ந்த முதல் வருடம், ஓடை மேலிருந்த பழைய மரப்பாலத்தில் பாரம் ஏற்றிய லாரிகள் போகக்கூடாது என்று தடை போட வேண்டி வந்தது. கோதுமை அறுவடைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. எல்லோருக்கும் கடிதம் அனுப்பினேன், வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். நாலாவது நாள் வயதான விவசாயி ஒருவர் வந்தார். நான்காக மடித்திருந்த கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து என் மேஜைமேல் விரித்து, "இதைச் சொல்ல ஒரு ஆள் வரக்கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலம் எங்கள் மேஸ்திரி சொல்லித்தான் டிம் ஃபிஷர் என்ற அரசியல்வாதியைப் பற்றித் தெரிந்துகொண்டேன். போரி கிரீக் என்ற சின்ன ஊரின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கட்டாய ராணுவச் சேவையில் எடுக்கப்பட்டு வியட்நாம் போய் 1968இல் காயம்பட்டுத் திரும்பியவர். 1971இல் மாநிலச் சட்டமன்றம், 1984இல் ஃபாரர் தொகுதியிலிருந்து மத்திய நாடாளுமன்றம், கிராமப்புற மக்களின் கட்சியான நேஷனல் கட்சியின் தலைவராக 1996 மார்ச்சில் துணைப் பிரதமர்.

அடுத்த மாதமே டாஸ்மேனியா மாநிலத்தின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். பிரதமர் ஜான் ஹோவர்ட் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளைத் தடை செய்யக் கிளம்பினார். நரிக்கும் காட்டுப்பன்றிக்கும் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தவர்கள் ஃபிஷருடைய சொந்த வாக்காளர்கள். ஒதுங்கி நின்று பழியை ஹோவர்ட் தலையில் போட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஃபிஷரோ தொப்பியை மாட்டிக்கொண்டு கோபமாக இருந்த கூட்டங்களுக்கே போய்ப் பேசினார். குயின்ஸ்லாந்தின் கிம்பி என்ற ஊரில் அவருடைய உருவப்பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். அப்படியும் அவர் பின்வாங்கவில்லை. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் வாங்கி அழிக்கப்பட்டன.

அந்தக் கோபம் சும்மா போய்விடவில்லை. 1998 குயின்ஸ்லாந்து மாநிலத் தேர்தலில், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை எதிர்த்த ஒன் நேஷன் கட்சி 11 இடம் பிடித்ததில் அதற்கும் பங்குண்டு என்றுதான் நினைக்கிறேன். 1999இல் ஃபிஷர் குடும்பத்தோடு இருக்க வேண்டும், ஆட்டிசம் உள்ள மகனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பதவியை விட்டார். 2019 ஆகஸ்டில் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். ரயில் என்றால் அவருக்கு உயிர், அதனால் உடலையும் ஆல்பரிக்கு ரயிலில்தான் கொண்டுபோனார்கள்.

மேஸ்திரி இதைச் சொன்ன அந்த வாரமே, பாலத் தடை பற்றிப் பேச ஊர் ஹாலில் கூட்டம் போட்டேன். இரண்டு மணி நேரம் திட்டு. தடையை எடுக்க முடியாது என்று நின்றபடியே திரும்பத் திரும்பச் சொன்னேன், கால் நடுங்கியது. அப்புறம் அந்தப் பெரியவர் எழுந்து, நான் காட்டிய மாற்றுப்பாதையில் ஒரு திருப்பம் உண்டு, கொஞ்சம் மழை பெய்தாலே லாரி சேற்றில் இறங்கிவிடும் என்றார். என் வரைபடத்தில் அது இல்லை. மறுநாள் காலையில் அவரையே கூட்டிக்கொண்டு போய் இடத்தைப் பார்த்து, அறுவடைக்கு முன்பு ஜல்லி கொட்டி முடித்தோம்.