சோழவரம் முதல் எண்ணூர் வரை: ரேஸ் டிராக்குக்கு இடம் தேடி ஒரு சுற்று

சென்னைக்கு வடக்கே, ஒரு காலத்தில் மோட்டார் பந்தயம் நடந்த சோழவரத்தில் பார்க்க இன்று ஒன்றும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம், பாதுகாப்புத் துறை நிலம், உள்ளே விடமாட்டார்கள். இருந்தும் போனேன். காரணம், தண்டையார்பேட்டையில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன். வடசென்னைக்கென்று ஒரு ரேஸ் டிராக்கை அவர் தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம் பென்சிலில் வரைந்து வைத்திருக்கிறார். "இடத்தப் பார்த்தாதான் தம்பி உனக்குப் புரியும்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

மூலக்கடை, மாதவரம் ரவுண்டானா, புழல் ஏரி, செங்குன்றம். ஜிஎன்டி ரோட்டில் ஞாயிறு என்ற சலுகையெல்லாம் கிடையாது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கித்தான் போக வேண்டும். செங்குன்றத்தில் அரிசி மண்டிகளைத் தாண்டும்போது மட்டும் அவித்த நெல் வாசனை கொஞ்ச தூரம் கூடவே வந்தது.

சோழவரத்தில் வெளியே நின்றபடியே கதை கேட்டேன். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இந்த ஓடுதளத்தில்தான் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. பிப்ரவரி வந்தால் சோழவரம் ரேஸ். கோயம்புத்தூர் கரிவரதன் தானே உருவாக்கிய கார்களோடு வருவார். எண்பதுகளில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் கார் ஒன்றைக் கொண்டுவந்து இங்கே ஓட்டினார். அண்ணன் அப்போது அரைக்கால் சட்டைப் பையன், அப்பாவோடு வந்திருக்கிறார். யார் ஜெயித்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு நினைவில்லை. சத்தம் மட்டும் இருக்கிறது, அதை வாயாலேயே ஓட்டிக் காட்டினார்.

1990இல் பந்தயம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. கிளப் சொந்தமாகக் கட்டிய, சுமார் 3.7 கிலோமீட்டர் டிராக். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் தண்டையார்பேட்டையிலிருந்து அது ஊரின் இன்னொரு கோடி. இந்தியப் புல்லட் பிறந்தது திருவொற்றியூரில். எம்ஆர்எஃப் பலூன் செய்யத் தொடங்கியதும், அப்புறம் டயர் செய்ததும் அதே திருவொற்றியூரில். எண்ணூரில் அசோக் லேலண்ட். இன்ஜினும் டயரும் செய்த ஊர்ப் பையன்களுக்கு வண்டி ஓட்டிப் பார்க்க மட்டும் இடம் இல்லை, ராத்திரியில் எண்ணூர் ரோடுதான். "ரோட்டுல ஓட்னா கேஸு. கிரவுண்டுல ஓட்டுன்றாங்க, கிரவுண்டு எங்க கீது?" என்கிறார் அண்ணன். ரோட்டில் ஓட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. எதிரே நடந்து வருகிற பாட்டிக்கு ஹெல்மெட் கிடையாது. ஆனால் அவர் கேள்விக்கு என்னிடம் பதிலும் இல்லை.

சோழவரம் ஏரிக்கரையோரம் டீக்கடையில் அட்டையை விரித்தார். கிறுக்கலாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. நேர்ப்பாதை வடக்கு தெற்காக ஓடுகிறது, சாயங்கால வெயில் கண்ணில் அடிக்காமலிருக்க. அகலம் 12 மீட்டர், புறப்படும் கோட்டில் மட்டும் 15. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதியும் அதுதான். ஒவ்வொரு வளைவுக்கும் வெளியே ஜல்லிப் படுகை. கார் போய் மோதினால் ஓட்டுகிறவரைச் சுற்றிக் கூண்டு இருக்கும். பைக்காரன் வழுக்கிக்கொண்டே போவான், அவனுக்கு நிற்கத் தூரம் வேண்டும். அதனால்தான் வளைவுகளைச் சுற்றி அவ்வளவு காலியிடம். அதற்கும் அப்பால் டயர்ச் சுவர், போல்ட் போட்டு இறுக்கி முன்னால் கன்வேயர் பெல்ட். "பெல்ட்டுக்கு எங்க போவீங்க?" என்றேன். "எண்ணூர் துறைமுகத்துல நிலக்கரி எதுல போவுதுன்னு நெனச்ச?" என்றார்.

இடம்தான் சிக்கல். சோழவரம் பக்கம் என்றால் பூண்டியிலிருந்து வருகிற குடிநீர் இந்த ஏரி வழியாகத்தான் புழலுக்குப் போகிறது. வரத்துப் பகுதியில் தார் ஊற்றுவது நகரத்தின் வாயிலேயே ஊற்றுவது மாதிரி. அங்கிருந்து மீஞ்சூர் வழியாக எண்ணூர் வந்தோம். காலி நிலம் போலத் தெரிவதில் பாதி உப்பளமும் சதுப்பும். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தீவுத்திடல் ஃபார்முலா 4 பந்தயம் தள்ளிப்போனது எல்லோருக்கும் தெரியும். அதே புயலில்தான் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து மீனவர்களின் வலையும் படகும் கறுப்பாயின. தண்ணீர் போகிற வழியை மறித்து ஒரு மீட்டர் மண் கொட்டினாலும் அடுத்த மழையில் யார் வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று கழிமுகத்தோரக் காட்டுக்குப்பத்து மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தள்ளிப்போன பந்தயம் 2024 ஆகஸ்ட் கடைசியில் நடந்தது. 3.5 கிலோமீட்டர் சாலை, ராத்திரி விளக்கு வெளிச்சம், அழகுதான். முடிந்ததும் அது மறுபடி பஸ் போகிற ரோடு. தண்டையார்பேட்டைப் பையன் திங்கட்கிழமை பழக அது உதவாது.

அண்ணன் வரைந்தது ஐந்து கிலோமீட்டருக்கு மேல், கிரேட்டர் நொய்டா புத் சர்க்யூட் அளவுக்கு. எனக்கு அது அதிகம். கோவை செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரில் இருக்கும் டிராக் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான், அதில் தேசியப் பந்தயங்களே நடக்கின்றன. ஆலைகள் நிறைந்த மணலிப் பக்கம் பழைய தொழிற்சாலை மனை ஏதாவது கிடைத்தால், சதுப்பைத் தொடாமல் அந்த அளவுக்கு ஒன்று போதும் என்றேன். சத்தம் என்று பக்கத்துவாசிகள் சண்டைக்கு வரமாட்டார்களா என்றும் கேட்டேன். "மணலில இருக்கறவன் சத்தத்துக்கா பயப்படப் போறான், முதல்ல காத்தக் கேளு" என்றார். அட்டையில் ரப்பர் போட்டு மூன்று வளைவை அழித்தார். நேர்ப்பாதையைக் குறைக்க மட்டும் ஒப்புக்கொள்ளவே இல்லை.

இந்த வழியில் போக நினைப்பவர்கள் ஞாயிறு காலை ஆறரைக்குள் கிளம்பிவிடுங்கள். திரும்பும்போது மீஞ்சூரிலேயே சாப்பிட்டுவிடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் மணலி விரைவுச் சாலை முழுக்க லாரிதான்.