ஒரே நாற்சந்திக்கு நாலு சிக்னல்

அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லையென்றால் என் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நேற்றும் அப்படித்தான். திரையில் சூமோ ஓடிக்கொண்டிருந்தது. மல்யுத்தம் இல்லை, சாலைப் போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள். மஞ்சள் வண்டிகளுக்கு நடுவே சிவப்பாய் ஒன்று. அதுதான் நம்ம தானியங்கிக் கார்.

"ஏன்டா, செவப்பு அப்படியே நிக்குது?"

"யோசிக்குதும்மா."

பொய். இரண்டு நாளாக அந்தச் சந்திப்பில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. நானும் பிரேக்கை மாற்றி, முன்வண்டியோடு விடும் இடைவெளியை மாற்றி, அதன் மூளையைக் கழற்றி மாட்டாத குறை.

திடீரென்று செவப்பைக் காணோம். அம்மா பதறிவிட்டார். சிமுலேஷன் கணக்கில் 300 விநாடி ஒரு வண்டி நகராமல் நின்றால், சூமோ அதைத் தூக்கி வழியில் அப்பால் போட்டுவிடும் என்று விளக்கினேன்.

"உங்கப்பா குளிக்கப் போனா இந்த வசதி கிடைக்குமா?"

நல்லவேளை, அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

அப்புறம் அம்மா கண்ணைச் சுருக்கித் திரைகிட்ட வந்தார். "ஒரே நாற்சந்திக்கு எதுக்குடா நாலு சிக்னல்?"

எனக்கு வேர்த்துவிட்டது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் நடுத்தடுப்பு உள்ள சாலையைப் போக ஒரு கோடு, வர ஒரு கோடு என்றுதான் வரைவார்கள். அதுதான் முறை. அப்படி இரண்டு சாலை குறுக்கிட்டால் வெட்டும் புள்ளி நாலு. அதை அப்படியே, வரைபடத்தைச் சூமோவுக்கான சாலைகளாக மாற்றும் நெட்கன்வெர்ட் என்ற கருவியிடம் கொடுத்தால், பாவம் அது என்ன செய்யும்? நாலையும் நாலு சந்திப்பாக்கி, ஆளுக்கொரு சிக்னலையும் நட்டுவிடும். ஒன்றில் பச்சை வாங்கி உள்ளே வந்த வண்டி, அடுத்ததன் சிவப்பில் நிற்கும். இடையில் இருப்பதோ இரண்டு வண்டிக்கான இடம். மூன்றாவதின் வால் குறுக்குச்சாலையை அடைக்கும். அங்கே நிற்பவன் இன்னொருத்தனை அடைப்பான். நாலு பக்கமும் பூட்டு.

நெருங்கிய சந்திப்புகளை ஒன்றாகச் சேர்க்கச் சொல்லி, கட்டளையில் 'ஜங்ஷன்ஸ்.ஜாயின்' என்று ஒரு சொல் இருக்க வேண்டும். போன வாரம்வரை இருந்தது. கட்டளையைச் 'சுத்தம்' செய்த புண்ணியவான் யாரென்று கேட்காதீர்கள்.

சேர்த்து, வரைபடத்தை மறுபடி உருவாக்கி ஓட்டினேன். தண்ணீர் மாதிரி ஓடியது. பத்து நிமிஷம் பார்த்தார் அம்மா. கொட்டாவி விட்டார். "என்னடா இது, சும்மா போவுது வருது" என்று எழுந்து படுக்கப் போய்விட்டார்.

காலையில் கண் விழித்ததும் கதவருகே நிற்கிறார்.

"இன்னைக்கு வேற எங்கயாச்சும் மாட்டுமா?"