மலைக்கோட்டை உச்சியில் அப்பாவோடு

கிருஷ்ணகிரியிலேயே பிறந்து வளர்ந்தும், சையத் பாஷா மலைக்கோட்டைக்கு அப்பாவோடு ஏறியது போன ஞாயிறுதான். வெயில் ஏறிவிட்டால் பாறை சுடும் என்று விடியும் முன்பே கிளம்பினோம்.

பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது. "மெதுவா ஏறு கண்ணு" என்றார் அப்பா. அவருக்கு 68 வயது! நின்று கீழே பார்த்தபோதுதான் அந்தச் சரிவு புரிந்தது. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல்லின் ஆங்கிலேயப் படை கீழே பேட்டையைப் பிடித்துவிட்டு, இதே வழியில் மேல்கோட்டைக்கு முண்டியது. திப்புவின் வீரர்கள் மேலிருந்து பாறைகளை உருட்டிவிட்டார்கள். படை திரும்பிப் போனது. மறு வருடம் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில்தான் இந்தக் கோட்டை இருக்கும் பாராமகால் பகுதி ஆங்கிலேயர் கைக்குப் போனது. அந்தச் சண்டையில் விழாத கோட்டை என்பதில் எனக்கு இப்போதும் பெருமைதான்.

உச்சியில் தர்கா, பாறைக் குழிகளில் மழைத் தண்ணீர். அப்புறம் அந்தக் காட்சி! ஒரு பக்கம் கே.ஆர்.பி. அணை பளபளக்கிறது, கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் எறும்பு மாதிரி ஊர்கின்றன. அப்பா எதையும் பேசவில்லை. வெகுநேரம் தேடி, விற்றுவிட்ட எங்கள் மாந்தோப்பு இருந்த திசையைக் கைநீட்டிக் காட்டினார்.