நண்பனுக்கு விசா போட்டுக் கொடுப்பதற்கு முன்

"உன்கிட்டதான் சொந்தக் கம்பெனி இருக்கே, எனக்கு ஒரு விசா போட்டுக் கொடேன் மச்சான்." இதுவரை நான்கு நண்பர்கள் என்னிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். ஒருவனுக்குச் செய்தேன், மற்ற மூவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்த ஒருவனுக்குச் செய்ததில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

விசா கொடுப்பது அரசாங்கம். நம் பங்கு, "என்னிடம் உண்மையிலேயே இப்படி ஒரு வேலை இருக்கிறது, அதற்கு இவர் தகுதியானவர், இவ்வளவு சம்பளம் தருவேன்" என்று கையெழுத்துப் போடுவது மட்டும்தான். பிரிட்டனில் அதற்கும் முன்னால் கம்பெனியே ஸ்பான்சர் லைசென்ஸ், அதாவது வெளிநாட்டவரை வேலைக்கு எடுப்பதற்கான அரசு அனுமதி, வாங்கியாக வேண்டும். அமெரிக்காவின் எச்-1பி என்ற வேலை விசாவில் வழக்கமான ஒதுக்கீடு வருடத்துக்கு 65,000, அங்கேயே முதுகலை படித்தவர்களுக்கு இன்னும் 20,000. கேட்பவர்கள் அதைவிட அதிகம் என்பதால் குலுக்கல்தான், அதில் பெயர் விழவில்லை என்றால் நாம் என்ன பாசம் வைத்திருந்தாலும் அந்த வருடம் போச்சு. இதெல்லாம் தெரியாமல் "கவலைப்படாதே, நான் பார்த்துக்கிறேன்" என்று அந்த நண்பனிடம் போனில் சொல்லிவிட்டேன். அதை நம்பி அவன் இருந்த வேலையை விட்டுவிட்டான். விசா வர ஏழு மாதம் ஆனது, அத்தனை நாளும் அவன் சேமிப்பைத்தான் கரைத்துக்கொண்டிருந்தான். தயவுசெய்து யாரிடமும் அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள், கையில் விசா வரும்வரை வேலையை விடாதே என்று மட்டும் சொல்லுங்கள்.

அடுத்த சிக்கல் வேலையின் பெயர். ஆறு பேர் இருக்கும் கம்பெனியில் எல்லோரும் எல்லாமும் பார்ப்போம், டிசைன் செய்கிறவனே வாடிக்கையாளரிடம் பேசுவான், பில்லும் அனுப்புவான். விண்ணப்பத்தில் அப்படி எழுத முடியாது, அரசின் தொழில் பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு பிரிவுக்குள் அவன் வேலை பொருந்த வேண்டும். வக்கீல் என்னிடம், "அவர் ஒரு வாரத்தில் எந்த வேலையை எத்தனை மணி நேரம் செய்வார், எழுதிக் கொண்டுவாங்க" என்றார். உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோதுதான் அந்த வேலை நிஜமாகவே முழுநேர வேலை என்பது எனக்கே உறுதியானது. மற்ற மூவருக்கும் இதேபோல எழுதிப் பார்த்தேன், பதினைந்து மணி நேரத்தைத் தாண்டவில்லை. இல்லாத வேலையை இருப்பதாகக் காட்டினால் அது மோசடி, மாட்டினால் கூடவே மாட்டுவது நண்பனும்தான். அதனால்தான் முடியாது என்றேன்.

சம்பளத்திலும் நட்பைக் கொண்டுவரக் கூடாது. "முதல் வருஷம் குறைச்சே கொடு, பரவாயில்லை" என்று அவன் மனதாரச் சொன்னான். அப்படிச் செய்ய முடியாது. அந்த வேலைக்கு இவ்வளவு என்று விதி வைத்திருக்கும் தொகையை முழுதாகக் கொடுத்தே ஆக வேண்டும், கொடுத்துவிட்டு மறைமுகமாகத் திரும்ப வாங்குவதும் குற்றம். சட்டப்படி முதலாளி கட்ட வேண்டிய கட்டணங்களை அவன் தலையில் கட்டவும் கூடாது. வியாபாரம் படுத்த மாதத்திலும் அவன் சம்பளத்தில் கைவைக்க முடியாது, நான் என் பங்கை எடுக்காமல் விட்ட மாதங்கள் உண்டு.

சரி, இதெல்லாம் காகித வேலை. எனக்கு மனதில் தைத்தது வேறு. அவன் சேர்ந்த மூன்றாவது மாதம், ஒரு காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். மவுஸ் பிடித்த கை நடுங்கியது. தொட்டுப் பார்த்தால் அனலாகக் கொதித்தது. "லீவு போட வேண்டியதுதானேடா" என்றேன். மெதுவாகக் கேட்டான்: "லீவு போட்டா விசா ஆபீஸுக்கு நீ ரிப்போர்ட் பண்ணணுமாமே?" எங்கோ அரைகுறையாகப் படித்திருக்கிறான். பிரிட்டன் விதியில்கூட, அனுமதி வாங்காமல் தொடர்ந்து 10 வேலைநாள் வராமல் போனால்தான் அப்படித் தெரிவிக்க வேண்டும், காய்ச்சல் லீவுக்கு அதோடு சம்பந்தமே இல்லை. ஆனால் அவன் பயந்திருக்கிறான், பயத்தை என்னிடம் சொல்லவும் தயங்கியிருக்கிறான். பத்து வருடமாக என்னை வாடா போடா என்றவன், அந்த மூன்று மாதத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சே பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் சொன்ன ஒரு மோசமான யோசனைக்கும் தலையாட்டியிருந்தான்.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போய், நான் என்னென்ன தெரிவிக்க வேண்டும், எதைத் தெரிவிக்கத் தேவையில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி, "அண்ணா, கம்பெனியை மூட வேண்டி வந்தா எங்களுக்கு எத்தனை நாள் இருக்கும்?" என்று கேட்டார். அமெரிக்காவில் எச்-1பிக்கு அதிகபட்சம் 60 நாள், பிரிட்டனிலும் பெரும்பாலும் 60 நாள்தான். அதற்குள் ஒரு குடும்பம் வேறு முதலாளியைத் தேட வேண்டும், இல்லையென்றால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அந்தக் கேள்வியை நானே எனக்குக் கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். மாதம் முடிந்ததும் கம்பெனி கணக்கை அவனிடமும் காட்டிவிடுகிறேன்: கையில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை மாதச் சம்பளத்துக்கு அது வரும், எந்த வாடிக்கையாளர் போகப் போகிறார். கணக்கு மோசமானால் முதலில் தெரிய வேண்டியது அவனுக்குத்தான். போன மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு, "இந்த ஆளுக்கு இவ்வளவு தள்ளுபடி எதுக்குடா கொடுத்தே?" என்று சத்தம் போட்டான். ரொம்ப நாள் கழித்து டா போட்டுப் பேசினான்.