வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள்

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, மூன்றாம் வகுப்பில் படிக்கும் தன் மகன் காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வதையும், விடுமுறை நாட்களில் மட்டும் அந்த வலி வராததையும் சொன்னார். பையனுக்குத் திக்குவாய். மதிய உணவு வரிசையில் அவன் வாய் திறந்தால் போதும், பின்னால் நிற்பவன் அதேபோல் திக்கிக் காட்டுவான், வரிசையே சிரிக்கும்.

"விளையாட்டுக்குத்தானே" என்றார் ஒருவர். அவரைக் குறைசொல்லத் தோன்றவில்லை. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில்கூடப் பட்டப்பெயரை அச்சிடும் ஊர் எங்களுடையது. ஆனால் டீக்கடையில் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதிலுக்கு நாமும் ஒன்று சொல்ல முடியும். திருப்பிச் சொல்ல முடியாத ஒருவனை நாள்தோறும், அவன் நோக வேண்டும் என்றே சீண்டுவது வேறு. நார்வேயின் உளவியலாளர் டான் ஓல்வியஸ், திட்டமிட்ட நோக்கம், திரும்பத் திரும்ப நிகழ்தல், பலத்தில் ஏற்றத்தாழ்வு என்று வரையறுத்ததும் இதைத்தான்.

பள்ளியில் ஏற்கெனவே ஒரு முயற்சி நடந்திருந்தது. இருவரையும் வகுப்பின் முன்னால் நிறுத்தி, மன்னிப்புக் கேட்கவைத்துக் கைகுலுக்கச் செய்திருந்தார்கள். மறுநாள் கேலி வரிசையிலிருந்து கழிப்பறைப் பக்கம் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். சண்டை போட்ட இருவருக்குத்தான் சமாதானம் பொருந்தும். இங்கே ஒருவன் அடிபட்டவன், அவனையும் குற்றவாளியோடு சேர்த்து நிறுத்தியது அவனுக்கு இரண்டாவது அவமானம்.

பின்லாந்தில் துர்கு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா சால்மிவல்லியும் அவருடைய குழுவினரும் உருவாக்கி, 2009 முதல் நாடு முழுவதும் பரவிய 'கிவா' என்ற சீண்டல் தடுப்புத் திட்டம் வேறு இடத்தில் கை வைக்கிறது. சீண்டுபவனுக்கு வேண்டியது பார்வையாளர்களின் சிரிப்பு. அதை நிறுத்தினால் ஆட்டம் சுவையிழக்கும் என்பது அதன் அடிப்படை. புகார் வந்தால் பெரியவர்கள் பாதிக்கப்பட்ட பிள்ளையிடமும் சீண்டியவர்களிடமும் தனித்தனியே பேசுகிறார்கள். வகுப்பில் நல்லபெயர் உள்ள இரண்டு மூன்று பிள்ளைகளை அழைத்து, அவனுக்குத் துணையாக இருக்கச் சொல்கிறார்கள். சில நாள் கழித்து நிலைமை மாறியதா என்று மீண்டும் விசாரிக்கிறார்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, குழந்தைக்கு உடல் தண்டனையும் மனரீதியான துன்புறுத்தலும் கூடாது என்கிறது. மீறினால் பணிவிதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை என்பதால், அது பெரியவர்களை நோக்கியே பேசுகிறது. பள்ளிச் சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 எழுதியிருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை யாருடைய கைபேசியிலிருந்து அழைப்பான்? அவன் தயங்காமல் போய்ச் சொல்லக்கூடிய ஒரு முகம் பள்ளிக்குள்ளேயே வேண்டும். எங்கள் பள்ளியில் அந்த முகம், யாரும் நியமிக்காமலே, சத்துணவுச் சமையலர் அக்காவுடையதாக இருந்தது. சாப்பாடு மிச்சமாவதை முதலில் கவனித்தவரும் அவரே.

இப்போது அந்தப் பையனோடு ஒரே தெருவைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். சிரிப்பு குறைந்திருப்பதாக ஆசிரியை சொல்கிறார். சீண்டியவனிடம் தனியாகப் பேசியபோது, வீட்டில் அவனையும் அண்ணன் இப்படித்தான் சொல்லிக் காட்டுகிறான் என்று தெரிந்தது. அவன் பெற்றோரை இன்னும் சந்திக்கவில்லை. இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் நிற்பதற்கும் ஆள் கிடைக்கவில்லை. இரண்டையும் அடுத்த கூட்டத்தில் எழுப்பக் குறித்து வைத்திருக்கிறேன்.