சனிக்கிழமை மூன்று மணிக்குள்: சுவீடனில் பீர் வாங்க

இரவு பத்து மணிவரை டாஸ்மாக் திறந்திருந்தே பார்த்துப் பழகியவர்கள், சுவீடனுக்கு வந்த முதல் வாரம் சனிக்கிழமை சாயங்காலம்தான் மாட்டிக்கொள்வார்கள். இங்கேயும் மதுக்கடை அரசுடையதுதான். பெயர் சிஸ்டம்போலாகெட், 1955-லிருந்து நாடு முழுக்க இந்த ஒரே நிறுவனம். ஊர்க்காரர்கள் 'சிஸ்டமெட்' என்பார்கள். வாரநாட்களில் பெரும்பாலும் காலை 10 முதல் மாலை 6 அல்லது 7 வரை. பெரிய ஊர்களில் சில கடைகள் 8 வரை. சனிக்கிழமை பல கடைகள் 3 மணிக்கே மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை எந்த ஊரிலும் திறக்காது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து திரும்பும்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

பண்டிகை வந்தால் இன்னும் சிக்கல். ஜூன் மாத மிட்சோமர் கொண்டாட்டத்துக்கு முந்தைய நாள் எப்போதும் வெள்ளிக்கிழமைதான் வரும். அன்றும் கடை இல்லை, சனி, ஞாயிறும் இல்லை. அதனால் வியாழக்கிழமை வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். புதன்கிழமையே போய்விடுவது நல்லது. ஈஸ்டருக்குப் புனித வெள்ளியில் தொடங்கித் திங்கள் வரை நான்கு நாள் விடுமுறை.

"சூப்பர் மார்க்கெட்டில் பீர் பார்த்தேனே" என்று கேட்பீர்கள். பார்த்திருப்பீர்கள். ஆனால் அங்கே 3.5 சதவீத ஆல்கஹால் வரையுள்ள பீரைத்தான் விற்கலாம். அதற்குப் பெயர் ஃபோல்க்எல். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் சிஸ்டம்போலாகெட்தான். பெயர் பெற்ற சுவீடன் பீர்கள் பல, ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே மாதிரி கேனில், இரண்டு மூன்று வலிமைகளில் வருகின்றன. படத்தை மட்டும் பார்த்து எடுத்தால் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். கேனில் எண்ணைப் படியுங்கள். புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட்டு '3,5' என்று அச்சிட்டிருப்பார்கள். '2,8' என்றும் கிடைக்கும். 2.8 சதவீதம் வரையிலான பீருக்கு மதுவரி கிடையாது, அதனால் விலை குறைவு. அதற்கு மேல் வலிமை கூடக் கூட வரியும் கூடும். ஞாயிற்றுக்கிழமை கையில் எதுவும் இல்லையென்றால் இந்த 3.5-தான் கதி, வெயில் நாளில் அது மோசமும் இல்லை.

கடைக்குள் கம்பிவலையோ நெரிசலோ இல்லை. நூலகம் மாதிரி அலமாரி அலமாரியாக அடுக்கியிருக்கும், நாமே எடுத்துக்கொள்ளலாம். விலைச்சீட்டை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். விலைக்குக் கீழே ஒரு லிட்டருக்கு என்ன விலை என்று சின்ன எழுத்தில் இருக்கும். 33 சென்டிலிட்டர் கேனையும் 50 சென்டிலிட்டர் கேனையும் ஒப்பிட அதுதான் வழி. பக்கத்தில் மூன்று சிறு வட்டங்கள் கடிகாரம் போல நிரம்பியிருக்கும்: கசப்பு, அடர்த்தி, இனிப்பு. நம் ஊர் லாகர் போல லேசாக வேண்டுமென்றால் 'யூஸ் லாகர்' (வெளிர்நிற லாகர்) பகுதியில், கசப்பு வட்டம் பாதிக்குக் கீழே நிரம்பியதை எடுங்கள். மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி கிடையாது. ஒன்று வாங்கினாலும் இருபத்துநான்கு வாங்கினாலும் கேனுக்கு அதே விலை. எனவே நான்கு வகையில் ஒவ்வொன்று வாங்கி ருசி பார்ப்பதில் நஷ்டமே இல்லை. குறிப்பிட்ட பீர் ஒன்றைத் தேடுகிறீர்களா? அவர்களுடைய இணையதளத்தில் கடையைத் தேர்ந்தெடுத்தால் எத்தனை இருப்பில் உள்ளது, எந்த அலமாரி என்பதுவரை காட்டும்.

சிஸ்டம்போலாகெட்டில் வாங்க வயது 20 ஆகியிருக்க வேண்டும். உணவகத்திலும் பாரிலும் 18 போதும், சூப்பர் மார்க்கெட் ஃபோல்க்எல்லுக்கும் 18. இதில்தான் கல்லூரி மாணவர்கள் குழம்புகிறார்கள். 25-க்குக் கீழே தெரிந்தால் அடையாள அட்டை கேட்பார்கள். அசல் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோங்கள்; செல்போனில் உள்ள படத்தை நம்பிப் போகாதீர்கள். 20 ஆகாத நண்பருக்காக வாங்குகிறீர்கள் என்று சந்தேகம் வந்தால் உங்களுக்கும் விற்க மாட்டார்கள். அப்படி வாங்கிக் கொடுப்பது அங்கே குற்றம். கடைக்காரரிடம் வாதாடிப் பயனில்லை, மறுப்பது அவர் கடமை.

பீர் குளிர்ந்திருக்காது. உடனே குடிக்கத் தூண்டக் கூடாது, ஒரு நிறுவனத்தின் பீரை மட்டும் குளிரவைத்து முன்னிறுத்தக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஈரத்துணி சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் சீக்கிரம் குளிரும். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், மறந்தால் கேன் உப்பி வெடிக்கும்.

கடையே இல்லாத சிற்றூரில் தங்கினால், அங்குள்ள மளிகைக் கடையோ பெட்ரோல் பங்கோ முகவராக இருக்கும். ஆனால் அங்கே சரக்கு இருப்பில் இருக்காது. முன்கூட்டியே ஆர்டர் போட்டு, வந்ததும் போய் வாங்க வேண்டும்.

ரசீதில் 'பன்ட்' என்று ஒரு சிறு தொகை சேர்ந்திருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அது காலி கேனுக்கான முன்பணம். எவ்வளவு என்று கேனிலேயே எழுதியிருக்கும். குடித்து முடித்ததும் நசுக்கிவிடாதீர்கள், பார்கோடு படிக்க முடியாவிட்டால் எந்திரம் திருப்பித் துப்பிவிடும். கேன்களை முழுசாகச் சேர்த்து வைத்து, சூப்பர் மார்க்கெட் வாசலருகே இருக்கும் எந்திரத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். அதைக் கல்லாவில் கொடுத்தால் வாங்கும் பாலிலோ ரொட்டியிலோ கழித்துக்கொள்வார்கள்.