1.5 இலிருந்து 2.0 வரை

பெப்ரவரி 10

மீள்பதிவுப் படிவத்தை இன்று கையளித்துவிட்டேன். என்னுடன் முதலாம் ஆண்டில் படித்தவர்கள் இறுதியாண்டுக்குப் போய்விட்டார்கள். இனி நான் அடுத்த பட்ச்சோடு இருக்க வேண்டும். உயர்தரம் வரை தமிழ்மொழி மூலம் படித்துவிட்டு வளாகத்தில் அத்தனை பாடங்களையும் ஆங்கிலத்தில் எதிர்கொள்பவர்களுக்கு முதலாம் ஆண்டு எவ்வளவு கடினமானது என்பது பட்டவர்களுக்கே தெரியும். விடை தெரிந்திருந்தும், கேள்வி எதைக் கேட்கிறது என்று பிடிபடுவதற்குள் நேரம் முடிந்துவிடும். அம்மா, “இந்த முறை முடிச்சுப்போடு பிள்ளை” என்று மட்டும் சொன்னார்.

பெப்ரவரி 16

பட்டத்துக்கு ஜி.பி.ஏ., அதாவது எல்லாப் பாடங்களினதும் தரப்புள்ளிச் சராசரி, 2.0 வேண்டும்; என்னுடையது 1.5. ஒவ்வொரு பாடத்தின் நிறையையும் கிரெடிட்டில் அளப்பார்கள்; முதலாம் ஆண்டின் 30 கிரெடிட்டுக்கு 1.5 என்றால் கையில் இருப்பவை 45 புள்ளிகள். தலா மூன்று கிரெடிட் கொண்ட இரண்டு பாடங்களில் ஈ, அதாவது பூச்சியம். ரிப்பீட், அதாவது மீள்பரீட்சை, எழுதி எவ்வளவுதான் நன்றாகச் செய்தாலும் எங்கள் விதிமுறைப்படி சீ தரத்துக்கு மேல் கிடைக்காது. சீ என்பது 2.0, ஆகவே இரண்டிலும் தேறினால் 12 புள்ளிகள் சேர்ந்து 57 ஆகும், சராசரி 1.9. பழைய பாடங்களைக் கொண்டு மட்டும் கரையேற முடியாது. ஆனால் இந்த அரையாண்டின் 15 கிரெடிட்டையும் பீ தரத்தில், 3.0 இல், முடித்தால் இன்னும் 45 புள்ளிகள் கூடி, 102 ஐ 45 ஆல் வகுக்க 2.27 வருகிறது. ரிப்பீட் பாடங்களிலேயே முழு மூச்சையும் செலவிட்டுப் புதிய பாடங்களைக் கோட்டைவிட்டவர்களை எனக்குத் தெரியும். இந்தக் கணக்கை யாராவது அவர்களுக்கு உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும்.

மார்ச் 12

வரவு 80 சதவீதம் கட்டாயம். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 45 மணித்தியாலங்கள் என்பதால் 9 மணித்தியாலங்களுக்கு மேல் தவறவிடக் கூடாது. ஆனால் திருகோணமலையிலிருந்து வளாகத்துக்கு வரும் காலைப் புல்மோட்டை பஸ்ஸில் உப்புவெளி தாண்டும்போதே நிற்க இடமிருப்பதில்லை.

ஏப்ரல் 21

விரிவுரைக்குப் பின் என்னைவிட இளைய மாணவி ஒருத்தி புள்ளிவிபரவியல் கொப்பியோடு வந்து, “அக்கா, மாதிரியின் மாறற்றிறனுக்கு ஏன் பத்தால பிரிக்காம ஒன்பதால பிரிக்கிறம்?” என்று கேட்டாள். மாறற்றிறன் என்பது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு; பத்து எண்களின் சராசரி தெரிந்துவிட்டால் ஒன்பதை நாம் விரும்பியபடி வைக்கலாம், பத்தாவது தானாகவே தீர்மானமாகிவிடும் என்று சொல்லி, அவளையே ஒன்பது எண்கள் எழுதச் செய்தேன். பத்தாவதை நான் சொன்னதும் அவள் கூட்டிச் சரிபார்த்தாள். பிறகு நான் கேட்காமலே இன்னொரு வரிசை எழுதி, பத்தாவதைத் தானே கண்டுபிடித்தாள். இந்தப் பாடத்தில்தான் எனக்கு ஈ கிடைத்தது. அதை இன்னொருவருக்கு விளங்கவைக்க முடிந்தது எனக்குப் பெரிய மனநிறைவைத் தந்தது. சனிக்கிழமைகளில் பொது நூலகத்தில் நான்கைந்து பேராகக் கூடிப் பழைய வினாத்தாள்களைச் செய்வதென்று முடிவுசெய்திருக்கிறோம்.

ஜூன் 18

கச்சான் காற்று மண்டபத்தின் கதவுகளை அடித்துக்கொண்டே இருந்தது. புள்ளிவிபரவியல் ரிப்பீட் எழுதி முடித்தேன். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தரம் வாசித்து, கேட்கப்பட்டதன் கீழ்க் கோடிட்ட பின்னரே பேனாவை விடைத்தாளில் வைத்தேன். சீ கிடைக்கும் என்று நம்புகிறேன். நாளை மறுநாள் புதிய பாடத்தின் பரீட்சை; 2.27 அதில்தான் தங்கியிருப்பதால் இன்றைய வினாத்தாளை இனித் திறக்கப் போவதில்லை.